கிளீவ்லாந்திலிருந்து அண்ணனுக்கு

கிளீவ்லாந்து,
அமெரிக்கா, 1908 பிப்ரவரி

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். அங்கே அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் நலம்தானே?

உங்கள் கடிதம் கிடைத்தது. நாலு வருஷப் படிப்பு முடிவதற்குள் நம் ஸ்லோவாக் பிள்ளைகள் ஹங்கேரி மொழியில் பேசவும் எழுதவும் தேறிவிட வேண்டும் என்று, நம்மை ஆளும் ஹங்கேரியின் கல்வி மந்திரி அப்போன்யி போட்ட சட்டத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வயிறு எரிகிறது. 1875-க்குள் நம் மூன்று உயர்நிலைப் பள்ளிகளையும் நம் மொழியையும் பண்பாட்டையும் வளர்த்த மாத்திட்சா சங்கத்தையும் மூடிவிட்டார்கள். இப்போது சின்னப் பிள்ளைகள் வாயிலும் கை வைக்கிறார்கள்.

நம் நாட்டுச் செர்னோவா கிராமத்துச் செய்தி வந்த அன்று பக்கத்து வீட்டுச் செக் தையற்காரர் தன் பத்திரிகையோடு எங்கள் விடுதிக்கு வந்தார். இரும்பாலையிலிருந்து வந்தவர்கள் முகம்கூடக் கழுவாமல் சுற்றி உட்கார்ந்தோம். அவர் செக் மொழியில் படிக்கப் படிக்க, அது நம் மொழிக்கு நெருக்கமானதால் எல்லாருக்கும் புரிந்தது. தங்கள் காசில் கட்டிய கோயிலை தங்கள் ஊர்க்காரரான ஹ்லிங்கா சாமியார்தான் அர்ச்சித்துத் திறக்க வேண்டும் என்று கேட்ட ஜனங்கள்மேல் துப்பாக்கிச் சூடு. 15 பேர் செத்தார்கள். மேலே படிக்க முடியாமல் அவர் நிறுத்திவிட்டார். செத்தவர்கள் குடும்பத்துக்காகத் தொப்பியில் காசு சேர்த்தோம். முதல் டாலர் அவர் போட்டது.

இங்கே செக்காரர்களின் பங்குச் சாமியாரே நம் நாட்டு ஒராவாப் பகுதிக்காரர்தான்: திரஸ்தெனாவில் பிறந்து பிராகில் படித்த ஃபுர்தெக். போன மே மாதம் இதே ஊரில் அமெரிக்க ஸ்லோவாக் லீக் என்ற சங்கத்தைத் தொடங்க முன்நின்றவர்களில் அவரும் ஒருவர்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். "உங்களுக்கென்று தனி எழுத்துமொழி எதற்கு, செக் மொழியிலேயே எழுதுங்கள்" என்று சொல்லும் செக்காரர்களும் உண்டு. தையற்காரரே சொல்வார். நம் மொழிக்கு எழுத்து வடிவம் தந்த ஷ்டூர் காலத்திலிருந்து அறுபது வருஷத்துக்கு மேலாக எழுதிவரும் மொழியை எப்படி விடுவது? அவரோடு ராத்திரி வெகுநேரம் மல்லுக்கு நின்றிருக்கிறேன். மறுநாள் காலையில் அவரே காபிக்குக் கூப்பிடுவார். ஹங்கேரி அரசாங்கத்திடம் இப்படி வாதாட முடியுமா? ஜெயிலில் போடுவார்கள்.

அதனால் பெரியவனைப் புடாபெஸ்டுக்கு அனுப்பாதீர்கள், அண்ணா. செக்காரர்கள் வாழும் மொராவியாவில் படிக்கட்டும். நம் மாணவர்களுக்கு உதவ பிராகில் 1896-லிருந்து ஒரு செக் சங்கமே இருக்கிறது; ஊர்ச் சாமியாரைக் கேட்டால் விவரம் சொல்வார். ஆனால் வீட்டுக்கு எழுதும்போது அவன் நம் மொழியில்தான் எழுத வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

20 டாலர் அனுப்பியிருக்கிறேன். பாதியைக் கடனுக்குக் கட்டிவிட்டு, மீதியைப் பையன் படிப்புக்கு வையுங்கள். ஈஸ்டருக்குள் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி