ஊசி சரி, பேப்பர்தான் இடிக்கிறது

தருமபுரி,
6 டிசம்பர் 2021

கண்ணு நித்யா,

ஜனவரியில் இங்கிலாந்து போவதற்காக நீ அனுப்பின ரெண்டு கொரோனா ஊசி சர்ட்டிபிகேட்டையும் பெரிசாக்கிப் பார்த்தேன். ரெண்டிலுமே முதல் டோஸ் என்றுதான் இருக்கிறது. ஜூலை 12-ல் பெங்களூரில் உன் நம்பரில், ஆதார் காட்டிப் போட்டது ஒன்று. அக்டோபர் 10 மெகா முகாமில் இங்கே அப்பா நம்பரில், ஓட்டர் ஐடி காட்டிப் போட்டது இன்னொன்று. நம்பரும் மாறி அடையாள அட்டையும் மாறினதால், ஊசிக் கணக்கு வைக்கிற அரசு வெப்சைட்டான கோவின் உன்னை ரெண்டு ஆளாக எழுதிக்கொண்டது. உடம்பில் ரெண்டு டோஸ் இருக்கிறது, கணக்கில் ரெண்டு பேருக்கு ஆளுக்கு ஒன்று. ஏர்போர்ட் கவுண்டரில் கணக்கைத்தான் பார்ப்பார்கள்.

இதற்காக மூன்றாவது ஊசி எதுவும் வேண்டாம். கோவினில் 'ரெய்ஸ் அன் இஷ்யூ' என்கிற இடத்தில், ரெண்டு முதல் டோஸ் சர்ட்டிபிகேட்டை ஒன்றாக்குகிற வசதி இருக்கிறது. ரெண்டிலும் உள்ள ரெபரன்ஸ் ஐடியை எழுதி வைத்துக்கொள். ஓடிபி எந்த நம்பருக்கு வந்தாலும் எடுக்க ரெண்டு போனும் பக்கத்தில் இருக்கட்டும். நீ போட்ட கோவிஷீல்டுக்கு 84 நாள் இடைவெளி வேண்டும், உனக்கு 90 நாள் ஆகியிருக்கிறது. அதனால் தேதியில் தகராறு வராது.

ஒன்றாக்கின பிறகுதான் பெயரைத் தொட வேண்டும். அவசரப்பட்டு முதலில் பெயரை மாற்றிவிடாதே, திருத்தம் ஒருமுறைதான் விடுவார்கள். ஆதாரில் நீ ஆர். நித்யா. பாஸ்போர்ட்டில் கிவன் நேம் நித்யா, சர்நேம் ராமசாமி. நம் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு இடிக்கிற இடம் இதுதான். நமக்கு இனிஷியல் அப்பா பெயர். வெளிநாட்டுக்காரனுக்கு ஒற்றை எழுத்தும் முழுப் பெயரும் ஒன்றாகத் தெரியாது. பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, முதலில் நித்யா, அப்புறம் ராமசாமி, புள்ளி இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடி. அதற்கப்புறம் அதே பக்கத்தில் பாஸ்போர்ட் நம்பரைச் சேர்.

கடைசியாக, வெளிநாட்டுப் பயணத்துக்கென்று தனியாக இருக்கிற சர்ட்டிபிகேட்டை இறக்கு. சாதா சர்ட்டிபிகேட்டில் வயது மட்டும்தான் இருந்தது, பிறந்த தேதி கிடையாது. செப்டம்பரில் இங்கிலாந்தோடு நடந்த இழுபறியில் இதுவும் ஒன்று. கோவிஷீல்டை ஏற்கிறோம், உங்கள் சர்ட்டிபிகேட்டை ஏற்கவில்லை என்றார்கள். நம் அரசும் அக்டோபர் 4 முதல் அங்கிருந்து வருகிறவர்களை 10 நாள் தனிமையில் வைத்தது. அக்டோபர் 11-ல்தான் இங்கிலாந்துக்காரர்கள் வழிக்கு வந்தார்கள். இப்போதைய பயண சர்ட்டிபிகேட்டில் பிறந்த தேதி வருஷம், மாசம், நாள் என்ற வரிசையில் வரும். கோவினின் வெரிஃபை பக்கத்தில் க்யூஆர் கோடை நீயே ஒருதரம் ஸ்கேன் பண்ணிப் பார். திருத்தத்துக்கு முன்னால் எடுத்த பிரிண்ட் இருந்தால் கிழித்துப் போடு. பழசும் புதுசும் ஒரே ஃபைலில் இருந்தால் கைக்குப் பழசுதான் வரும்.

கடைசி டோஸுக்குப் பிறகு 14 முழு நாள் தாண்டியிருக்க வேண்டும், ஊசி போட்ட நாள் கணக்கில் வராது. உனக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது.

இனி இங்கிலாந்து விதி. ஓமிக்ரான் என்கிற புது வகை கொரோனா வந்த பிறகு பத்து நாளில் ரெண்டு தடவை மாற்றிவிட்டார்கள். நவம்பர் 30 முதல், ரெண்டு டோஸ் போட்டவர்களும் போய் இறங்கின ரெண்டாம் நாளுக்குள் பிசிஆர் எடுத்து, நெகட்டிவ் வரும்வரை அறையிலேயே இருக்க வேண்டும். நாளை, 7-ம் தேதி முதல், கிளம்புவதற்கு முந்தைய 2 நாளுக்குள் எடுத்த டெஸ்டும் வேண்டும். நீ போவது ஜனவரியில். அதற்குள் இன்னும் மாறலாம், அதனால் வாட்ஸப்பில் வருகிற பட்டியலை நம்பாதே. பிரிட்டிஷ் அரசின் பக்கத்தை டிக்கெட் போடும்போது ஒருமுறை, ஒரு வாரம் முன்னால் ஒருமுறை, முந்தின நாள் ஒருமுறை பார்.

கிளம்புவதற்கு முந்தைய டெஸ்டை இங்கே கொடுத்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்காதே, பெங்களூரிலேயே கொடு. ரிப்போர்ட் எப்போது வந்தது என்பதில் ஒன்றுமில்லை, சாம்பிள் எடுத்த தேதிதான் கணக்கு. ரிப்போர்ட் இங்கிலீஷில், பாஸ்போர்ட்டில் உள்ள பெயரோடு, பிறந்த தேதி, லேப் பெயர், லேபின் தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும். லேபில் பெயர் எழுதும்போதே பாஸ்போர்ட்டை நீட்டு. வாயால் சொன்னால் மறுபடியும் ஆர். நித்யா ஆகிவிடுவாய்.

ரெண்டாம் நாள் டெஸ்டை இங்கிருந்தே புக் பண்ணி, அந்த ரெபரன்ஸ் நம்பரை, அங்கே எங்கே தங்குகிறாய் என்று எழுதித் தருகிற பாசஞ்சர் லொக்கேட்டர் ஃபார்மில் போட வேண்டும். அந்த ஃபார்ம் போய் இறங்குவதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள்தான் திறக்கும். அதனால் முதலில் டெஸ்ட் புக்கிங், பிறகு ஃபார்ம். வரிசை மாறினால் தேவனஹள்ளி ஏர்போர்ட் கவுண்டர் முன்னால் நின்றுகொண்டு கார்டு நம்பர் அடிக்க வேண்டியிருக்கும்.

துபாய் வழியாகப் போனால் சல்லிசு என்றாய். வழியில் இறங்குகிற நாட்டுக்கும் தனி விதி உண்டு. ரெண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் அங்கே உள்ளே நுழைந்து மறுபடி செக்-இன் பண்ண வேண்டி வரும், அப்போது அவன் கேட்கிற டெஸ்டையும் எடுத்தாக வேண்டும். மிச்சம் பிடித்தது அதற்கே போய்விடும். நேர் விமானமே எடு. வழக்கமான சர்வதேச விமானங்கள் 15-ம் தேதி தொடங்கும் என்றதையும் தள்ளிப் போட்டுவிட்டார்கள், ரெண்டு நாடுகள் தங்களுக்குள் பேசி வைத்த பபிள் ஏற்பாட்டில் போகிறவைதான் இப்போதைக்கு. அதனால் சீட்டைச் சீக்கிரம் பார்.

உன் ரூம்மேட் போட்டது கோவாக்சின்தானே? கோவிஷீல்டு மறுபடி போடச் சொல்கிறார்கள் என்று அவள் பயப்பட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் நவம்பர் 3-ல் கோவாக்சினை அவசரப் பயன்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது, இங்கிலாந்து நவம்பர் 22 முதல் ஏற்கிறது. வேறு ஊசி போட்டால் அவளுக்கும் உன்னைப் போலக் குழப்பக் கணக்குதான் மிஞ்சும். லண்டனிலிருந்து ஐரோப்பா சுற்றப் போகிறோம் என்றால் மட்டும் நாட்டுக்கு நாடு பார்க்க வேண்டும். ஐரோப்பிய மருந்து முகமை அனுமதித்தது அஸ்ட்ராஜெனெகா ஊசியில் வாக்ஸ்செவ்ரியா என்ற பெயரில் உள்ளதை. கோவிஷீல்டும் அதே வகைதான், ஆனால் எங்கே தயாரித்தது என்பதையும் சேர்த்தே அனுமதி கொடுக்கிறார்கள். பிரான்ஸ் மாதிரி சில நாடுகள் தாங்களாகவே கோவிஷீல்டை ஏற்றுக்கொண்டன.

மாமா சொன்ன மஞ்சள் காய்ச்சல் ஊசி உனக்குத் தேவையில்லை. அது ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா பக்கம் போகிறவர்களுக்கு. விசாவுக்காக எடுத்த டிபி சர்ட்டிபிகேட் வேறு, அதை கைப்பையில் வை, பெரிய பெட்டியில் போடாதே.

சனிக்கிழமை வரும்போது பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்து வா. அப்பா போனும் இங்கேதான் இருக்கிறது, உட்கார்ந்து ரெண்டு கணக்கையும் ஒன்றாக்கிவிடலாம். சந்தையில் அவரைக்காய் நிறைய வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரியே ஊறப்போட்டு பிதுக்கி வைக்கிறேன்.

அம்மா