குற்றவியல் மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு வேண்டி மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற சிறப்பு சார்பு ஆய்வாளர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.

பெறுநர்
மண்டல இணை இயக்குநர் அவர்கள்,
கல்லூரிக் கல்வி, மதுரை மண்டலம்.

பொருள்: குற்றவியல் பட்டப்படிப்பின் அகமதிப்பீட்டில் செய்முறைத் தேர்வு சேர்க்க வேண்டுதல்.

ஐயா,

வணக்கம். என் மகள் மதுரையில் ஒரு கல்லூரியில் குற்றவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். நான் பல ஆண்டுகள் காவல் நிலைய எழுத்தராக இருந்தவன். போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பைக் திருடு போனது. சரி, படிக்கிற பிள்ளைதானே என்று, "ஒரு பார்வை மகஜர் எழுதிக் காட்டும்மா" என்றேன் (சம்பவ இடத்தை நேரில் பார்த்து, அங்கே இருப்பதைச் சாட்சிகள் முன்னிலையில் எழுதி வைக்கும் ஆவணம் அது). பார்வை மகஜர் என்றால் என்ன என்று வரி பிசகாமல் ஒப்பித்தாள். எழுத வரவில்லை. வாசல் எந்தத் திசை, தெருவிளக்கு எத்தனை அடி தள்ளி, எதிர்வீட்டு கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது, ஒன்றுமே அதில் இல்லை. அந்தப் பாடத்தில் அவள் மதிப்பெண் 84. அவளைக் குறை சொல்ல மாட்டேன். தேர்வில் கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள்.

01.07.2024 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. முதல் தகவல் அறிக்கைக்குப் பழைய பிரிவு 154 போய் 173, கொலைக்குப் பழைய பிரிவு 302 போய் 103 என்று பிள்ளைகள் எண்களை மாற்றி மனப்பாடம் செய்துவிட்டார்கள். ஆனால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோவில் பதிவு செய்யச் சொல்கிறது. செல்போனே போதும். அதை ஒரு முறையாவது செய்து பார்க்காத மாணவருக்குப் பிரிவு எண் தெரிந்து என்ன பயன்? (எங்கள் காலத்தில் கார்பன் தாளோடு போராடினோம், அது வேறு கதை.)

ஆகவே அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஒரு பங்கைச் செய்முறைத் தேர்வுக்கு ஒதுக்கக் கல்லூரிகளுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். கல்லூரி வளாகத்திலேயே ஒரு திருட்டுக் காட்சியை அமைத்து, மகஜர் எழுதவும் அந்த இடத்தின் மாதிரி வரைபடம் வரையவும் சொன்னால் போதும். எதற்கு எத்தனை மதிப்பெண் என்பது மாணவர் கையில் முன்பே இருக்க வேண்டும். திருத்துபவரில் ஒருவராவது வெளியாளாக, வழக்கறிஞராகவோ ஓய்வுபெற்ற காவல் அலுவலராகவோ இருந்தால் நல்லது. இதே தேர்வை முதலாண்டிலும் ஒரு முறை வைத்தால், மூன்று ஆண்டில் பிள்ளை எவ்வளவு கற்றாள் என்பது இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்தாலே தெரிந்துவிடும்.

கல்லூரி கூப்பிட்டால் ஊதியமின்றி வந்து திருத்தித் தர நானும் தயார்.

இடம்: திருமங்கலம்
நாள்: 14.02.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவியின் தந்தை