இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம்

அன்புள்ள தம்பி,

நேற்று பேரூராட்சியில் மாதக் கூட்டம் நடந்தது. வழக்கமாக அன்று இரவே போனில் உனக்கு எல்லாம் சொல்லிவிடுவேன். நேற்றும் அடித்தேன், நீ எடுக்கவில்லை. வேலையாக இருந்திருப்பாய். அதனால் எழுதுகிறேன். கடிதம் என்றால் உனக்கு ஒழிந்த நேரத்தில் படித்துக்கொள்ளலாம், உடனே பதில் சொல்ல வேண்டும் என்ற நெருக்கடியும் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு வரியைக் கட்டிவிட்டேன். இந்த அரையாண்டு வரியை அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை என்று ஒவ்வொரு தடவையும் நீதான் அங்கிருந்தே கட்டி ரசீதை அனுப்புவாய். இந்தத் தடவை கூட்டத்துக்குப் போன கையோடு நானே கவுண்டரில் நின்று கட்டினேன். "ஏன் அம்மா, தம்பி கட்டவில்லையா?" என்று பில் கலெக்டர் கேட்டார். உறுப்பினரே வரிசையில் நின்று கட்டினால்தான் மற்றவர்களும் வருவார்கள் என்றேன். அது உண்மையும்தான். நீ மறந்துபோய் மறுபடி கட்டிவிடாதே. வீட்டுச் செலவுக்கும் இந்த மாதம் அனுப்ப வேண்டாம். 2023 ஜூலையிலிருந்து பேரூராட்சி உறுப்பினர்களான எங்களுக்கு மாதம் 2,500 ரூபாய் மதிப்பூதியம் வருகிறதே, அதை நான் எடுக்காமல்தான் வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு மில் பென்ஷன் வருகிறது. தோப்பில் காய் வெட்டியாகிவிட்டது. தீபாவளிக்கு எனக்குச் சேலை எடுக்காதே, போன வருஷத்துச் சேலை இன்னும் மடிப்புக் கலையாமல் பீரோவில் இருக்கிறது.

கூட்டத்துக்கு வருகிறேன். பதினைந்து பேரில் பதின்மூன்று பேர் வந்திருந்தோம். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து உட்கார்ந்ததும் இளநிலை உதவியாளர் பொருள் நிரலைப் படிக்கத் தொடங்கினார். பிறப்பு இறப்புப் பதிவு, சென்ற மாத வரவு செலவு, இரண்டும் 'மன்றத்தின் பார்வைக்கும் பதிவுக்கும்' என்று முதலில் வரும். பலரும் அந்த நேரத்தில்தான் டீ குடிப்பார்கள். நான் கவனமாகக் கேட்பேன். நம் ஊர்ப் பதிவேட்டில் பிறந்தவர்கள் ஒன்றோ இரண்டோ, இறந்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு. பதவிக்கு வந்த புதிதில் இதைக் கேட்டுப் பதறிப்போனேன். பிறகுதான் புரிந்தது, பிரசவம் எந்த ஊர் ஆஸ்பத்திரியில் நடக்கிறதோ அந்த ஊரில்தான் பிறப்பைப் பதிவார்கள். நீயும் அக்காவும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். உங்கள் பெயரும் நம் ஊர்ப் புத்தகத்தில் கிடையாது. இங்கே பதிவாகிறவர்கள் கடைசியில் இங்கே வந்து சேர்ந்தவர்கள். காரணம் புரிந்த பிறகும் அந்தக் கணக்கைப் படிக்கும்போது எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

அடுத்து மழைக்கால வேலைகள். வாறுகால் தூர் வார ஒப்பந்தப்புள்ளி, பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு, கிழக்குத் தெரு நீரேற்று மோட்டார் பழுது, தெருவிளக்குச் சாமான்கள். எல்லாம் 'மன்றம் அனுமதிக்கலாம்' என்ற அலுவலகக் குறிப்போடு வந்தன. பிளீச்சிங் பவுடருக்கு மட்டும் நான் எழுந்தேன். மூட்டைக் கணக்கைக் காட்டுகிறீர்கள், தெருக் கடைசிக் குழாயில் பிடித்த தண்ணீரில் குளோரின் எவ்வளவு இருந்தது என்ற கணக்கு எங்கே என்று கேட்டேன். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது விதி. தொட்டியில் கொட்டுவதை மட்டும் கணக்கில் காட்டினால், தாமிரபரணித் தண்ணீர் மேட்டுத் தெருவுக்குப் போய்ச் சேரும்போது அதில் ஒன்றுமே மிஞ்சியிருக்காது. அடுத்த கூட்டத்தில் தெருவாரியாக வைக்கிறோம் என்றார்கள். வைக்காவிட்டால் விடமாட்டேன்.

எனக்கு இப்படிக் கேட்கச் சொல்லிக்கொடுத்தவன் நீ. 2022 பிப்ரவரியில் லீவு போட்டு வந்து எனக்காகத் தெருத் தெருவாக நடந்தாய், ஜெயித்த பிறகு முதல் பொருள் நிரலை இரவு முழுக்க உட்கார்ந்து எனக்கு விளக்கினாய். "வரவுப் பக்கத்தை விடு அம்மா, நிலுவைப் பக்கத்தை முதலில் பார்" என்றாய். அன்றிலிருந்து அப்படித்தான் பார்க்கிறேன். பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்த பிறகும் எத்தனையோ ஊர்களில் உறுப்பினரின் கணவர் வந்து நாற்காலியில் உட்காருகிறார். உன் அப்பா என்னை அலுவலக வாசலில் இறக்கிவிட்டு, ஒரு நாளும் படியேறாமல் திரும்பிவிடுவார். உங்கள் இருவராலும் எனக்கு அந்த அறையில் தலை நிமிர்ந்து பேச முடிகிறது. இதை உன்னிடம் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? காலைச் சாப்பாட்டை விடாதே. தூக்கம் வராவிட்டால் போனைப் பார்த்துக்கொண்டு கிடக்காதே.

பொருள் எண் 11 பற்றித்தான் முக்கியமாக எழுத நினைத்தேன். கொசுப்புழு ஒழிப்புத் தற்காலிகப் பணியாளர்கள் நம் ஊரில் பத்துப் பேர். எல்லாரும் பெண்கள். வீடு வீடாகப் போய்த் தொட்டியைத் திறந்து பார்த்து, மருந்து ஊற்றி, சுவரில் தேதி எழுதிவிட்டு வருவார்கள். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஒரு வாரம் அவர்கள் வராமல் போனால் அதுவரை பார்த்த வேலையெல்லாம் வீண். பொருளில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? பொது நிதியில் போதிய இருப்பு இல்லாததால் பத்தை ஆறாகக் குறைப்பது, மன்றம் அனுமதிக்கலாம். அதுவும் அக்டோபரில், மழை தொடங்குகிற நேரத்தில்.

அந்த நான்கு பேர் யார் என்று கேட்டேன். இன்னும் முடிவாகவில்லை என்றார் செயல் அலுவலர். அவர்களுக்கு இது தெரியுமா என்றேன். தீர்மானம் ஆன பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது, தம்பி. எழுந்து நின்று நிறையப் பேசிவிட்டேன். ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவதாக இருந்தால் அது அவருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். வேறு வேலை தேட அவருக்கு நாள் கொடுக்க வேண்டும். இது அவருடைய குறையால் வந்ததல்ல என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். கையில் காசில்லை என்பது பேரூராட்சியின் கணக்கு. வெயிலில் நடந்து மருந்து ஊற்றியவளுக்கு வேலை தெரியாது என்று அதற்கு அர்த்தமில்லை. அவள் நாளைக்கு வீட்டுக்குப் போய் ஏன் தலையைக் குனிய வேண்டும், ஏன் யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைக்க வேண்டும் என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. ஒன்பதாவது வார்டு உறுப்பினர், "அக்காவுக்கு இன்றைக்கு என்ன இவ்வளவு கோபம்?" என்றார். தலைவர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

கோபம் மட்டும் போதாது என்று நீ சொல்லியிருக்கிறாய். நிலுவைப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். பஸ் நிலைய டூவீலர் ஸ்டாண்டு குத்தகை பாக்கி நின்றுகொண்டிருக்கிறது. அதை வசூல் செய்தாலே அந்த நான்கு பேருக்கும் மழைக்காலம் முடிகிறவரை கூலி கொடுத்துவிடலாம். அப்படியே தீர்மானத்தை மாற்றினார்கள். டிசம்பர் முடிய பத்துப் பேரும் தொடர்வது, குத்தகை பாக்கிக்கு உடனே நோட்டீஸ் கொடுப்பது, அதன் பிறகு குறைப்பதாக இருந்தால் ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் தெரிவிப்பது. தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடிக்கிற வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

வெளியே வந்தபோது அந்தப் பெண்களில் ஒருத்தி பைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் முன்பே தெரிந்திருக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம். சொல்லிவிடு அம்மா என்றேன். வேலை நிலைத்துவிட்டதே, இனி எதற்குச் சொல்ல என்றாள். இருந்தாலும் சொல், தனியாகச் சுமந்தாயே, அதையாவது சொல் என்றேன்.

அப்பா மில்லில் ஆட்குறைப்பு நடந்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். காலையில் கேரியரை வாங்கிக்கொண்டு கிளம்புவார், ஷிப்டு விடுகிற நேரத்துக்குத் திரும்புவார். படித்துறையில் போய் உட்கார்ந்திருந்தார் என்பது பின்னால் உங்கள் இருவருக்கும் தெரிந்த கதை. உங்களுக்குத் தெரியாதது, எனக்கு அது முதல் வாரமே தெரியும். துவைக்கப் போட்ட சட்டையில் பஞ்சு ஒட்டியிருக்கவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று இருந்தேன். கேரியரில் மட்டும் குழம்பைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன், ஆற்றங்காற்றில் பசிக்கும் என்று. அவர் சொன்ன அன்று மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். கையைக்கூடக் கழுவவில்லை, "சரி, அதனால் என்ன" என்றேன். அன்று இரவு இருவரும் நன்றாகத் தூங்கினோம். அடுத்த வேலை கிடைக்க மாதங்கள் ஆயின. தூக்கம் அதற்கு முன்பே வந்துவிட்டது. இன்றுவரை அவர்மேல் எனக்கு மதிப்பு ஒரு இம்மியும் குறைந்ததில்லை.

கூட்டத்தில் பேசியதால் இந்த ஞாபகம் வந்துவிட்டது, வேறொன்றுமில்லை.

போன புதன்கிழமை பகலில் பேசினாயே, ஆபீஸ் கேன்டீனில் இருக்கிறேன் என்றாய். பின்னால் குக்கர் விசில் கேட்டது. சமைத்துச் சாப்பிடுவது நல்லதுதான், வெளிச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்ளாது. ஆனால் ஒன்று, நீ அக்காவுக்கு மட்டும் போன் பேசுவதும், உன் பேச்சை எடுத்தால் அவள் குழந்தையின் பரீட்சைக்குத் தாவுவதும் எனக்கு நன்றாக இல்லை. நான் என்ன அவ்வளவு பலவீனமானவளா? ஊர் வாறுகாலைப் பற்றி முழு மன்றத்தோடு வாதாடுகிறேன். பெற்ற பிள்ளையின் விஷயத்தைத் தாங்க மாட்டேனா? மன்றத்தில் யாராவது "பையன் எப்படி இருக்கிறான்?" என்று கேட்டால் பெங்களூருவில் பெரிய கம்பெனியில் இருக்கிறான் என்று சொல்வது என் வழக்கம். நேற்று ஒருவர் கேட்டார். நன்றாக இருக்கிறான், நல்ல பிள்ளை என்று சொன்னேன். அதுதான் எனக்குப் பெருமை. கம்பெனி பிறகு வந்தது.

எந்தச் செயலியிலும் கடன் வாங்காதே. கார்டிலும் வேண்டாம். தேவை என்றால் என்னிடம் கேள், மதிப்பூதியம் அப்படியே இருக்கிறது என்று மேலே எழுதியிருக்கிறேன். காலையில் சாப்பிடு.

நம் வார்டுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மேலத்தெரு முக்கில் வாறுகால் திரும்புகிற இடத்தில் சிறுபாலம் கேட்டிருந்தேன். மதிப்பீடு தயாராகவில்லை என்று நேற்றும் ஒத்திவைத்துவிட்டார்கள். மத்திய நிதிக்குழு மானியத்தில் ஒரு பகுதி குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று ஒதுக்கிய பணம், மீதிதான் மற்ற வேலைகளுக்கு. இந்தச் சிறுபாலத்தைக் கழிவுநீர் வேலையாகக் காட்டலாமா, கூடாதா என்று எனக்குப் பிடிபடவில்லை. திருநெல்வேலியில் பேரூராட்சிகளின் உதவி இயக்குநருக்கு ஒரு மனு கொடுக்க வேண்டும். நீ எழுதினால் ஒழுங்காக வரும். நான் எழுதினால் மழைத் தண்ணீர் யார் யார் வீட்டுக்குள் வந்தது என்ற கதையாகிவிடும். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் நீ இங்கே இருந்தால் நன்றாக இருக்கும். தீபாவளிக்கு நான்கு நாள் வந்துவிட்டுப் போவதைச் சொல்லவில்லை. எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. மாடி அறையை வெள்ளையடித்தாயிற்று. ஜன்னலுக்குக் கொசுவலையும் அடித்தாயிற்று. அப்பாதான் அடித்தார், நான் சொல்லாமலே. அவருக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை.

நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடு. பண்டிகை நேரம், தள்ளிப்போட்டால் கிடைக்காது. டிக்கெட்டுக்குப் பணம் அக்காவிடம் கொடுத்திருக்கிறேன், அவள் அனுப்புவாள், வேண்டாம் என்று சொல்லாதே. அங்கே வீட்டுக்காரரிடம் கொடுத்திருக்கிற அட்வான்ஸுக்கு ஒப்பந்தத்தில் எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வை. காலி செய்வதாக இருந்தால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதையும் பார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்வார். எடு.

அன்புடன்,
அம்மா