செப்டிக் டேங்கைத் திறந்து பார்க்காமல் கிரயம் பதியாதீர்கள்

வீடு கட்ட அனுமதி தருகிற, கிரயம் பதிகிற அதிகாரிகளுக்கு,

வணக்கம். பாதாளச் சாக்கடை எட்டாத புறநகர் வீடுகளின் நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கட்டின வீடு ஒன்று கைமாறும்போது, தகுதியுள்ள ஒருவர் அதன் செப்டிக் டேங்கைத் திறந்து பார்த்து எழுதிக்கொடுத்த அறிக்கை இல்லாமல் பத்திரம் பதியக் கூடாது. நான் கேட்பது இதைத்தான்.

சென்னைக்குத் தெற்கே நாங்கள் வீடு வாங்கியபோது வக்கீல் முப்பது வருட வில்லங்கம் பார்த்தார், தாய்ப்பத்திரம், பட்டா எல்லாம் பார்த்தார். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் டேப் பிடித்து அளந்தார், சுவரில் விரிசல் பார்த்தார். செப்டிக் டேங்க் எப்படி என்று கேட்டதற்கு விற்றவர், "அது நிறையவே நிறையாது சார், இத்தனை வருஷத்துல லாரியே கூப்பிட்டதில்ல" என்று பெருமையாகச் சொன்னார். சரி, இதைச் சோதித்துச் சொல்ல ஓர் ஆள் கிடைப்பாரா என்று தரகரிடம் கேட்டேன், தெரிந்த எஞ்சினீயரிடம் கேட்டேன், உள்ளாட்சி அலுவலகத்திலும் கேட்டேன். கிடைத்ததெல்லாம் கழிவுநீர் லாரிக்காரரின் போன் நம்பர்தான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் கீழ்வீட்டுக் கழிப்பறையில் தண்ணீர் இறங்கவில்லை, அடுத்த நாள் மேலே வர ஆரம்பித்தது. லாரிக்காரர் குழாயை இழுத்துக்கொண்டு வந்து முதலில் கேட்டது, "மூடி எங்க?" மூடி இல்லை. சுவரோரம் காற்றுக்குழாய் மட்டும் நிற்கிறது. அதை வைத்து, போர்டிகோவில் கடப்பாரையின் பின்பக்கத்தால் தட்டித் தட்டி, எங்கே பொத்தென்று சத்தம் மாறுகிறது என்று தேடினார். வீட்டை விற்பதற்கு முன் போட்ட புது டைல்ஸை உடைத்து, அதற்குக் கீழே சிலாபை உடைத்துப் பார்த்தால் அங்கே இருந்தது டேங்கே இல்லை. தரை போடாமல் சிமெண்ட் உறை இறக்கிய வெறும் குழி. அது ஏன் நிறையவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அத்தனை வருடக் கழிவும் மண்ணுக்குள் போயிருக்கிறது, மழையில் நிலத்தடி நீர் ஏறினதும் குழிக்குள் திரும்பி வந்திருக்கிறது. லாரி உறிஞ்ச உறிஞ்ச ஊறிக்கொண்டே இருந்தது.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முட்டிவலி. மழை விடுகிற வரைக்கும் ராத்திரியில் குடை பிடித்துக்கொண்டு, தேங்கின தண்ணீரில் தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். அவர்கள் நல்லவர்கள், முகம் சுளிக்கவில்லை. ஆனால் அடுத்தவர்களை எழுப்பவேண்டாமே என்று அம்மா சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை. நீர்க்கடுப்பு வந்து டாக்டர் கேட்டபோதுதான் வாயைத் திறந்தார். தன் சொந்த வீட்டில் ஒரு வயதான பெண் தாகத்தை அடக்கிக்கொண்டு படுத்திருந்தார் என்பதை நீங்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும்.

போர்வெல் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தோம், ஈ.கோலி இருக்கிறது என்று வந்தது. குடிநீரில் 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாத கிருமி அது. கழிவுநீரை மண்ணுக்குள் விடுகிற உறிஞ்சு குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்கவேண்டும் என்று செப்டிக் டேங்குகளுக்கான இந்தியத் தரநிலை 2470 சொல்கிறது. 18 மீட்டர் என்றால் ஏறக்குறைய 59 அடி. 30-க்கு 40 அடி அரை கிரவுண்டு மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடிதான். அப்படியானால் இந்த மனைகளில் அடித்தளமும் தடுப்புச் சுவரும் உள்ள, கசியாத டேங்க் கட்டாயம், அதிலிருந்து வெளியேறும் நீர் எங்கே போகிறது என்பதையும் யாராவது பார்த்தே ஆகவேண்டும். யார் பார்க்கிறார்கள்? 2024-இல், விதிப்படிதான் கட்டுகிறேன் என்று விண்ணப்பிப்பவரே சான்று கொடுக்கிற சுயசான்று முறை தமிழ்நாட்டில் வந்தது, 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுவதற்கு உடனடி அனுமதி. அலைச்சல் குறைந்தது, அதை நான் குறை சொல்லவில்லை. சின்ன வீடுகளுக்குப் பணி நிறைவுச் சான்றிதழிலிருந்தும் விலக்கு கொடுத்திருக்கிறீர்கள். ஆக மண்ணுக்குள் மூடப்படுவதைக் கட்டும்போதும் யாரும் பார்ப்பதில்லை, விற்கும்போதும் பார்ப்பதில்லை.

இது வீடு வாங்குகிறவர் பிரச்சினை மட்டுமல்ல. மூடியில்லாத, அளவு தெரியாத, குழாய் போக வழியில்லாத குழி என்றால் கடைசியில் ஒரு மனிதரை உள்ளே இறக்கிவிடுகிறார்கள். கையால் மலம் அள்ளும் வேலையை ஒழிக்க வந்த 2013 சட்டம் அதைத் தடை செய்தது. அப்படிச் சாகிறவர் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்கவேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்னும் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. செத்த பிறகு கணக்குப் பார்க்கிற அரசு, முன்கூட்டியே மூடியைத் திறந்து பார்க்க ஓர் ஆளை அனுப்ப முடியாதா?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1995-இலிருந்தே வீடு கைமாறும்போது செப்டிக் சோதனை நடக்கிறது, அதற்கென்று உரிமம் பெற்ற சோதனையாளர்கள் இருக்கிறார்கள். இங்கே சிவில் டிப்ளமோ முடித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். பயிற்சி கொடுங்கள், உரிமம் கொடுங்கள், ஊர்வாரியாகப் பட்டியல் போடுங்கள், கட்டணத்தையும் நீங்களே நிர்ணயம் செய்யுங்கள். மூடி எங்கே, தரை இருக்கிறதா, எத்தனை லிட்டர் கொள்ளும், தடுப்புச் சுவர் சரியா, எவ்வளவு கசடு கிடக்கிறது, கழிப்பறையில் ஊற்றின சாயத்தண்ணீர் எங்கே வெளிவருகிறது, போர்வெல் எத்தனை அடி தள்ளி இருக்கிறது, இவ்வளவும் ஒரே தாளில் அடங்கும். அதை எழுதுகிறவர் விற்கிறவருக்கோ தரகருக்கோ வேண்டியவராக இருக்கக் கூடாது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் கட்டிவிட்டு வாங்குகிறவர்களுக்கு இந்த ஒரு தாளையாவது உறுதி செய்து கொடுங்கள்.

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் இதற்கான ஆணையை வெளியிடும்படி தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். சோதனை அறிக்கை இல்லாமல் கிரயம் பதியாதீர்கள்.

இப்படிக்கு,
புறநகரில் வீடு வாங்கியவன்