செயலாளர் ஆண்டறிக்கை: பந்து லைவா, டெட்டா?

தலைவர், நிர்வாகிகள், உறுப்பினர்கள், பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நம் சாஃப்ட்பால் சங்கம் இந்த ஆண்டும் பயிற்சியை நிறுத்தாமல் நடத்தியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நம் பிள்ளைகள் திரும்பத் திரும்ப இடறும் ஓரிடத்தைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்: பந்து லைவாக, அதாவது ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுவது.

அம்பயர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தினால் பந்து டெட், ஆட்டம் நின்றது. வலது முஷ்டி உயர்ந்தால் ஒருவர் அவுட், அவ்வளவுதான். மற்ற ரன்னர்களுக்கு ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்ட்ரைக் ஆகாத வீச்சான 'பால்' நான்காவது முறை விழுந்து பேட்டர் முதல் பேஸுக்கு நடக்கும்போதும் பந்து லைவ்தான்.

ஃபவுல் டிப்பில்தான் குழப்பம். மட்டையை உரசிய பந்து நேராகக் கேட்சர் கையில் தங்கினால் ஸ்ட்ரைக். ரன்னர் அடுத்த பேஸைத் திருடலாம். அம்பயர் ஒரு கை விரல்களை மறு கைமேல் தேய்த்துக் காட்டி, பிறகு ஸ்ட்ரைக் காட்டுவார். அதே பந்தைக் கேட்சர் நழுவவிட்டால் ஃபவுல் (செல்லாத அடி), டெட். ரன்னர் திரும்பியாக வேண்டும். மட்டையில் எழும் சத்தம் இரண்டுக்கும் ஒன்றுதான். காதை நம்பாமல் கையைப் பாருங்கள்.

இடது கை முஷ்டியோடு பக்கவாட்டில் நீண்டால், இல்லீகல் பிட்சோ (பிட்சரின் விதி மீறிய வீச்சு) அப்ஸ்ட்ரக்ஷனோ (ஃபீல்டர் ரன்னரை மறிப்பது) நடந்திருக்கிறது. அந்தப் பந்தின் ஆட்டம் முடியட்டும், பிறகு தீர்ப்பு. 'இல்லீகல்' என்ற குரல் கேட்டதும் பேட்டர் மட்டையைத் தாழ்த்திவிடுவது வீண் இழப்பு. அடித்து முதல் பேஸை எட்டி, மற்ற ரன்னர்களும் ஒரு பேஸாவது முன்னேறினால் அந்த அடி செல்லும். தவறினாலும் பிட்சருக்கான தண்டனை நமக்குக் கைகொடுக்கும்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடிக்கும் நம் மைதானத்தில் இன்ஃபீல்டு ஃப்ளைதான் (இன்ஃபீல்டர் எளிதில் பிடிக்கக்கூடிய உயரப் பந்து) பெரும் சோதனை. இரண்டுக்குக் குறைவான அவுட், முதல் இரண்டு பேஸ்களிலும் ஆள். மூன்றாவதில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி. அம்பயர் வலக் கையை உயர்த்தி அறிவித்ததும் பேட்டர் அவுட், பந்து லைவ். கேட்ச் ஆனால் ரன்னர் தன் பேஸைத் தொட்டுவிட்டே ஓட வேண்டும். நழுவினால் ஓடும் கட்டாயமில்லை. பதறி ஓடுபவர்களைத்தான் எதிரணி பந்தால் தொட்டு (டேக்) அவுட் செய்கிறது. பிடிபடாத பந்தைக் காற்று கோட்டுக்கு வெளியே தள்ளி அது ஃபவுலானால் அறிவிப்பு செல்லாது, பேட்டர் மீண்டும் ஆடுவார்.

ஆகவே கோடு தெரிய வேண்டும். தரையில் நீர் தெளித்த பிறகே சுண்ணாம்புத்தூள் போடுகிறோம், இருந்தும் பறக்கிறது. கூடுதலாக இரண்டு மூட்டை வாங்கவும், மூன்றாம் பேஸ் கோச்சாக நிற்பவர்களுக்கு அம்பயரின் இடக் கையைக் கவனிக்கத் தனிப் பயிற்சி தரவும் பேரவையின் ஒப்புதல் கோருகிறேன்.

செயலாளர்