குச்சி கேட்ட செல்வத்துக்கு

டெமெக்குலா, கலிபோர்னியா
செப்டம்பர்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்குத் தேனியிலேயே வேலை அமைந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அடுத்த முறை எழுது.

ஊருக்கு வரும்போது உன் தோட்டத்தில் நட, இங்குள்ள நல்ல திராட்சை ரகத்தில் நாலு குச்சி பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தாய். வேறு எது கேட்டாலும் கொண்டுவருவேன். இது மட்டும் முடியாது. காரணம் என் வேலையிலேயே இருக்கிறது.

ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை திராட்சைத் தோட்டங்களில் நோய் தேடி வரிசை வரிசையாக நடக்கிறோம். திராட்சைக் கொடியைக் கொல்லும் பியர்ஸ் நோய் கோடை முடிகிற நேரத்தில்தான் நன்றாக வெளியே தெரியும். சைலெல்லா என்ற பாக்டீரியா, கொடியில் தண்ணீர் ஏறும் குழாய்களுக்குள் பெருகி அடைத்துக்கொள்கிறது. வேரடியில் ஈரம் இருக்கும், இலையோ ஓரத்திலிருந்து கருகும். பிறகு இலை மட்டும் உதிர்ந்து, காம்பு தீக்குச்சி போலக் கொடியிலேயே நிற்கும். தண்டு முற்றிப் பழுப்பேறும்போது இடையிடையே பச்சைத் திட்டு தங்கிவிடும். உப்புத் தண்ணீரும் வறட்சியும்கூட இலையோரத்தைக் கருக்கும் என்பதால் கண்ணை மட்டும் நம்ப முடியாது. காம்புகளைப் பறித்து, வரிசை எண்ணும் கொடி எண்ணும் எழுதி ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம்.

முடிவு வந்ததும் நோய் உறுதியான கொடிகளுக்கு வரைபடத்தில் புள்ளி வைப்பேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். வடக்கே நாப்பா பக்கத்தில் ஓடைக்கரையை ஒட்டிய வரிசைகளில் புள்ளிகள் நெருங்கியிருக்கும், உள்ளே போகப்போகக் குறையும். அது, தண்டின் நீரை உறிஞ்சும்போது கிருமியைப் பரப்பும் நீலப்பச்சைத் தத்துப்பூச்சியின் வேலை. ஓடையோரத்துக் காட்டுத் திராட்சையிலும் முட்புதரிலும் இருந்துவிட்டு, வசந்தத்தில் தோட்டத்துக்குள் வருகிறது. அந்தச் செடிகளில் பல, கிருமியைச் சுமந்தும் வாடுவதே இல்லை. எங்கள் பக்கம் கதை வேறு. இங்கே கண்ணாடிச் சிறகுத் தத்துப்பூச்சி. அரை அங்குல நீளம், தூரம் பறக்கும், குளிர்காலத்தை ஆரஞ்சுத் தோப்பில் கழிக்கும், கொடிக்குக் கொடி நோயை ஏற்றும். புள்ளிகள் தோட்டத்தின் நடுவரைக்கும் போய்விடும். புள்ளி விழுந்த விதத்தைப் பார்த்தால்தான் ஓடைக்கரையைக் கவனிப்பதா, ஆரஞ்சுத் தோப்பில் மருந்து வைப்பதா என்று முடிவெடுக்கலாம்.

அந்தப் பூச்சி இந்த ஊருடையதே அல்ல. அமெரிக்காவின் தென்கிழக்கிலிருந்து, அநேகமாக நாற்றங்கால் செடிகளின் இலையடியில் முட்டையாக வந்தது. 1990 வாக்கில் கலிபோர்னியாவில் தென்பட்டது. பத்தாண்டுக்குள் டெமெக்குலாவில் ஏராளமான கொடிகள் மடிந்தன.

நோய் அதற்கும் பழையது. 1857இல் ஜெர்மானியர்கள் திராட்சைக்காகவே உண்டாக்கிய ஊர் அனஹைம். 1880களில் அங்கே தோட்டம் தோட்டமாகப் பட்டுப்போயிற்று. நியூட்டன் பியர்ஸ் வந்து ஆராய்ந்து 1892இல் அறிக்கை எழுதினார். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. பாக்டீரியாதான் என்று தெரிய 1970கள் ஆயிற்று. திராட்சை போன இடத்தில் ஆரஞ்சு வந்தது, இப்போது டிஸ்னிலேண்ட் இருக்கிறது.

நீ கேட்ட குச்சிக்கு நேரான பதில் மயோர்க்கா தீவில் இருக்கிறது. ஸ்பெயினைச் சேர்ந்த அந்தத் தீவின் திராட்சையில் 2017இல் பியர்ஸ் நோய் உறுதியானது. ஆராய்ச்சியாளர்கள் கிருமியின் மரபணுவையும் பாதாம் மரங்களின் வளையங்களையும் வைத்துத் தேடினார்கள். 1993 வாக்கில் கலிபோர்னியாவிலிருந்து போன பாதாம் ஒட்டுக்குச்சியோடு வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். இருபது வருடத்துக்கு மேல் யாருக்கும் தெரியாமலே பரவியிருக்கிறது! கொண்டுபோனவர் கையில் அது நல்ல குச்சியாகத்தான் இருந்திருக்கும்.

கடுங்குளிர் வந்தால் சில கொடிகள் கிருமியிலிருந்து மீளும். நம் கம்பம் பள்ளத்தாக்கில் அந்தக் குளிர் ஏது? தண்டின் நீரை உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் நம் ஊரிலும் உண்டு. உன் பன்னீர் திராட்சையும் இந்த நோய் தாக்கும் அதே இனம்தான். உன் பந்தலோடு நிற்காது, பள்ளத்தாக்கு முழுவதும் போய்விடும் என்பதே என் பயம்.

டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ வாக்கர் காட்டுத் திராட்சையோடு கலந்து நோய் தாங்கும் ஐந்து ரகங்களை 2019இல் வெளியிட்டார். எல்லாம் ஒயினுக்கானவை, உனக்கு ஆகாது. புது ரகம் வேண்டுமென்றே நினைத்தால் இறக்குமதி அனுமதி வாங்கி, தனிமைத் தோட்டத்தில் வளர்த்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். வேளாண் கல்லூரியில் நம்மோடு படித்தவர்கள் யாராவது அந்தத் துறையில் இருந்தால் விசாரி, விண்ணப்பம் எழுத நான் உதவுகிறேன்.

தை மாதம் வருகிறேன். கவாத்து எப்போது என்று எழுது, அதற்குத் தகுந்தபடி டிக்கெட் எடுக்கிறேன்.

உன்,
கண்ணன்