வராத கப்பலுக்குக் காய்கறி

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டது மனசிலேயே நிற்கிறது. "விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடிக்க ஒரு ஏவுகணை போதுமே அப்பா, இருபதாயிரம் கோடியில் இன்னொரு விக்ராந்த் எதற்கு?" போனில் ஆரம்பித்தால் நடுவில் பேத்தி பிடுங்கிக்கொள்வாள். அதனால் எழுதுகிறேன்.

1971 பாகிஸ்தான் போரின்போது பழைய விக்ராந்தில் நான் பாய்லர் ரூமில் இருந்தேன். நான்கு பாய்லர்களில் ஒன்றில் விரிசல், அதனால் கப்பலுக்கு முழு வேகம் கிடையாது. விமானம் கிளம்பும்போது கப்பல் எதிர்க்காற்றில் வேகமாக ஓட வேண்டும். வேகம் இல்லையென்றால் அலிஸே விமானத்தை மேலே அனுப்புவதே பெரும்பாடு. விமானத்தை உந்தித் தள்ளும் கவணுக்கும் எங்கள் நீராவிதான். ஒவ்வொரு தடவையும் பிரஷர் முள் சட்டென்று இறங்கும். அதை வைத்தே எத்தனை போயிற்று என்று எண்ணுவோம்.

எங்களைத் தேடி காஸி என்ற நீர்மூழ்கியைப் பாகிஸ்தான் அனுப்பியது. நாங்கள் இருந்தது அந்தமானில். ஆனால் கிழக்குக் கடற்படைத் தலைவர் கிருஷ்ணன், நம் நாகர்கோவில்காரர், கப்பல் விசாகப்பட்டினத்தில் நிற்பதுபோல நாடகம் போட்டார். பெரிய கப்பலுக்கு ஆகிற அளவு காய்கறியும் இறைச்சியும் காண்ட்ராக்டர்களிடம் சொல்லிவைத்தார். பழைய ராஜ்புத் கப்பலை விக்ராந்த் போலவே ரேடியோவில் பேசவைத்தார். போதாததற்கு, விக்ராந்த் மாலுமி ஒருவன் அம்மாவின் உடம்பை விசாரிப்பதாக ஒரு செய்தி வேறு! (உன் பாட்டி அப்போது திடமாகத்தான் இருந்தாள்.) டிசம்பர் 3 நள்ளிரவு வாக்கில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஸி மூழ்கியது. எப்படி என்பதில் இரண்டு நாடும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. மறுநாள் எங்கள் சீ ஹாக் விமானங்கள் கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த காக்ஸ் பஜாரில் குண்டு போட்டன, அப்புறம் சிட்டகாங்.

இப்போது மேலே செயற்கைக்கோள் இருக்கிறது, சீனாவிடம் ஓடுகிற கப்பலை அடிக்கவென்றே டி.எஃப்-21டி ஏவுகணை இருக்கிறது. விக்ராந்தைப் பாதுகாக்கவே நாலைந்து கப்பல் கூடப் போக வேண்டும். அதுவரை நீ சொல்வது சரி. ஆனால் கரையில் இருக்கிற விமானதளம் நாளைக்கும் அதே இடத்தில்தான் இருக்கும். விக்ராந்த் 28 நாட் வேகத்தில் அரை மணியில் 25 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அடிக்கிற நிமிஷம்வரை கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும். சீனாவே ஏன் வரிசையாக விமானந்தாங்கிக் கப்பலையே கட்டுகிறது, யோசி.

புது விக்ராந்தில் பாய்லர் கிடையாது, நான்கு கேஸ் டர்பைன். கவணும் இல்லை, முனை தூக்கிய டெக்கிலிருந்து மிக் விமானம் தானே எகிறிப் போகிறது. முள் பார்க்க ஆள் வேண்டியதில்லை.

அப்பா